சக்கரத்தில் அனல், கருகல் வாடை, குறையும் மைலேஜ்: கார் பிரேக் காலிப்பர் ஜாம் ஆனால் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

மதுரையிலிருந்து காலையில் கிளம்பிய கார் விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நிற்கிறது. கண்ணாடியை இறக்கினால் ஏதோ கருகுவது போல ஒரு வாடை. முன்னால் நிற்கும் லாரியாக இருக்கும் என்று நினைத்துக் கண்ணாடியை மறுபடி ஏற்றிவிடுகிறார் ஓட்டுபவர். செங்கல்பட்டு நெருங்கும்போது ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுக்கிறது. ரோடு சரிவாக இருக்கும் போல. வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கிய பிறகுதான் தெரிகிறது, முன்பக்க இடது சக்கரத்தின் அருகே நிற்க முடியாத அளவுக்கு அனல் அடிக்கிறது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் வரும் பதில் பலருக்கும் பழக்கமானது. "பிரேக் புடிச்சுக்கிச்சு சார். காலிப்பர், டிஸ்க்கு, பேடு எல்லாத்தையும் மாத்திடலாம்." பில் தொகையைக் கேட்டதும் அனல் வேறு பக்கம் அடிக்க ஆரம்பிக்கும்.

சில நேரம் அந்தப் பதில் சரியாகவே இருக்கும். ஆனால் பல நேரங்களில் குற்றவாளி காலிப்பரே அல்ல. அதைத் தாங்கி நிற்கும் சுண்டுவிரல் கனமுள்ள ஓர் இரும்புப் பின்னில் கிரீஸ் காய்ந்துபோயிருக்கும், அம்புட்டுதான். அதைக் கழற்றித் துடைத்து, சரியான கிரீஸ் தடவி மாட்ட, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போதும். எது பின்னின் கோளாறு, எது பிஸ்டனின் கோளாறு, எது இரண்டுமே இல்லை என்பதைக் கழற்றும் முன்பே கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

காலிப்பர் எப்படி வேலை செய்கிறது?

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதன் இருபுறமும் ஒவ்வொரு பேட் இருக்கும். இரண்டு பேடையும் சேர்த்துக் கிடுக்கி போலக் கவ்வுவது காலிப்பர்.

இந்தக் கிடுக்கியில் ஒரு வேடிக்கை உண்டு. டிஸ்க்கின் இரண்டு பக்கமும் அழுத்தம் விழுகிறது, ஆனால் அழுத்தும் பிஸ்டன் ஒரே பக்கத்தில், அதாவது காரின் உள்பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் உள்பக்கப் பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும். அதற்கு மேல் போக இடமில்லாததால் அதே விசை எதிர்த்திசையில் காலிப்பரையே பின்னுக்குத் தள்ளும். காலிப்பர் நகரும்போது அதன் மறுகை வெளிப்பக்கப் பேடை இழுத்துவந்து டிஸ்க்கில் அழுத்தும். இப்படி நகர்வதற்காகத்தான் காலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. இவற்றை ஸ்லைடு பின் அல்லது கைடு பின் என்பார்கள்.

சரி, காலை எடுத்ததும் பிஸ்டன் எப்படித் திரும்பி வருகிறது? டிரம் பிரேக்கில் இருப்பது போல இழுத்துவர ஸ்பிரிங் எதுவும் இங்கே கிடையாது. பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டருக்குள் ஒரு பள்ளத்தில், சதுர வெட்டுமுகம் கொண்ட ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கிறது. ஆயில் கசியாமல் தடுப்பது அதன் முதல் வேலை. பிஸ்டன் முன்னால் நகரும்போது அந்த வளையம் அதோடு ஒட்டிக்கொண்டு லேசாக முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் போனதும் முறுக்கு பிரிந்து பழைய வடிவத்துக்கு வரும். வரும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்துக்கொண்டு வரும். ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். ஆனால் பேட் டிஸ்க்கை விட்டு விலக அதுவே போதும்.

மயிரிழை இடைவெளியை நம்பி நிற்கும் அமைப்பு என்பதால், அதைக் கெடுக்கவும் பெரிதாக எதுவும் தேவையில்லை. பிஸ்டனில் கொஞ்சம் துரு, பின்னில் கொஞ்சம் காய்ந்த கிரீஸ், பேட் உட்காரும் காடியில் கொஞ்சம் சேறு, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே பேட் டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே வரும்.

யாருக்கு அதிகம் வரும்?

ஓடுகிற காரைவிட நிற்கிற காருக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். மகன் வெளிநாட்டில் இருக்க, ஊரில் போர்டிகோவில் மாதக்கணக்கில் நிற்கும் கார், 2020 ஊரடங்கில் தெருவோரம் நின்ற கார்கள், தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை ஈசிஆர் போன்ற இடங்களில் கடற்காற்று வாங்கும் கார்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் சக்கரம் மூழ்க நின்ற கார்களில், இன்ஜினைப் பார்த்த அளவுக்குப் பிரேக்கைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும். வெளியே வர வழியில்லை.

ஒரு குழப்பத்தை இங்கே தவிர்த்துவிடலாம். மழையில் இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் எடுக்கும்போது "டப்" என்று சத்தம் வந்து சக்கரம் விடுபடுவது, முதல் சில பிரேக்கில் கரகரப்பது இரண்டும் கோளாறு அல்ல. டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு அது. சில பிரேக்கில் உரிந்துவிடும். அதேபோல நாள்கணக்கில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திய காரில் பின்சக்கரம் சுழலாமல் நின்றால் அது டிரம் பிரேக்கிலோ ஹேண்ட்பிரேக் கேபிளிலோ உள்ள சிக்கல். காலிப்பருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியே ஓட்டினால் என்ன?

பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், பேட் சீக்கிரம் தேயும். இதோடு போனால் பொறுத்துக்கொள்ளலாம். ஆபத்து சூட்டில் இருக்கிறது.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெயே அல்ல, கிளைக்கால் வகைத் திரவம். காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் குணம் அதற்கு உண்டு. டாட் 3 தரத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. டாட் 4 என்றால் 230 டிகிரி. அதே திரவத்தில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் இந்த அளவு முறையே 140, 155 டிகிரியாக இறங்கிவிடும். பல வருடம் மாற்றாத பிரேக் ஆயில் இந்த நிலையை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கும்.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு சூடேறிய காலிப்பரோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு வரும் 40 வளைவுகளிலோ இறங்கினால் என்ன ஆகும்? காலிப்பருக்குள் இருக்கும் திரவம் கொதித்து ஆவியாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். எனவே பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. அதற்கு முன் எச்சரிக்கையாக வந்தது அந்தக் கருகல் வாடை மட்டும்தான்.

கழற்றும் முன் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் எந்தச் சக்கரம் என்று தெரிய வேண்டும். பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். உள்ளங்கையை டிஸ்க்கில் வைத்துப் பார்ப்பது வேண்டாம், தோல் உரிந்துவிடும். தொடாமல் சூட்டை அளக்கும் துப்பாக்கி வடிவ தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி கையை நீட்டினாலே வித்தியாசம் தெரியும். ஒரு பக்க ரிம்மில் மட்டும் கறுப்புத் தூள் அதிகமாகப் படிந்திருப்பதும் அடையாளம்தான்.

இழுக்கும் திசையிலும் ஒரு துப்பு உண்டு. பிரேக் பிடிக்காமல் சும்மா ஓடும்போதே கார் இடது பக்கம் இழுத்தால், இடது காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சும்மா ஓடும்போது நேராகப் போய், பிரேக் மிதித்ததும் மட்டும் இடது பக்கம் இழுத்தால் சந்தேகம் வலது பக்கத்தின் மேல். அந்தக் காலிப்பர் உறைந்துபோய் வேலையே செய்யாமல் இருக்கலாம். (டயர் காற்று சமமாக இல்லாவிட்டாலும், அலைன்மென்ட் போயிருந்தாலும் கார் இழுக்கும். அதை முதலில் பார்த்துவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும்.)

அடுத்து, வண்டியைத் தூக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை அல்லது செங்கல் வைத்து, வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொண்டு, பிறகு ஜாக்கி. காரோடு வரும் ஜாக்கி பஞ்சர் ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே போதுமானது. அதை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. ஜாக்கி ஸ்டாண்டு ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ கட்டாயம் முட்டுக்கொடுக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தையும் கார் அடிக்கட்டைக்குக் கீழே படுக்கப் போட்டுவைப்பது ஒர்க்‌ஷாப்காரர்களின் பழைய வழக்கம், நல்ல வழக்கம்.

கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பேட் லேசாக உரசும் "ஷ்ஷ்" சத்தம் இயல்பானது. வீட்டில் உள்ள ஒருவரைப் பிரேக்கை அழுத்தி மிதித்து விடச் சொல்லிவிட்டு மறுபடி சுற்ற வேண்டும். இப்போது சக்கரம் அசைய மறுத்தால் அடுத்தது முக்கியமான சோதனை.

காலிப்பரின் மேல்பக்கம் ரப்பர் மூடியோடு சின்ன நிப்பிள் ஒன்று இருக்கும். அதில் ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, ஸ்பானரால் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். ஆயில் சட்டென்று பீய்ச்சி, சக்கரமும் விடுபட்டால், பின்னும் பிஸ்டனும் நிரபராதிகள். உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது. காலிப்பருக்கு வரும் ரப்பர் ஹோஸின் உள்சுவர் உப்பியோ பிய்ந்தோ போனால், மிதிக்கும்போது ஆயிலை உள்ளே விட்டுவிட்டு, திரும்பும்போது வழியை அடைத்துவிடும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு போலவே இருக்கும். புதுக் காலிப்பர் போட்ட பிறகும் "மறுபடி ஜாம்" என்று வரும் வண்டிகளில் இந்த ஹோஸைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். அது வீட்டு வேலை அல்ல.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பின் அல்லது பிஸ்டன். இங்கிருந்து வீட்டிலேயே கை வைக்கலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. பழைய வண்டியில் அந்த நிப்பிளே துருப்பிடித்து இறுகியிருக்கும். ஓப்பன் ஸ்பானரை வைத்து முரட்டுத்தனமாகத் திருகினால் ஒடிந்துவிடும். ஒடிந்தால் சின்ன வேலை காலிப்பர் வாங்கும் வேலையாகிவிடும். முந்தைய நாளே வெளிப்புறம் துரு விடும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, ஆறு முனை உள்ள சாக்கெட்டால் திருகுவதே பாதுகாப்பு.

முதல் சந்தேகம்: ஸ்லைடு பின்

காலிப்பரைப் பிடித்திருப்பவை இரண்டு போல்ட்டுகள். பல கார்களில் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினால் காலிப்பரை மேல்நோக்கித் திறந்துவிடலாம், ஆனால் பின்கள் இரண்டையும் சுத்தம் செய்ய முழுதாகக் கழற்றுவதே வசதி. கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது. ஒரு கம்பியால் மேலே உள்ள சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். எதையும் எடுக்கும் முன் மொபைலில் ஒரு படம்.

பேடுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவையே கதை சொல்லும். வெளிப்பக்கப் பேட் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் திரும்பி வழுக்கவில்லை, பின் ஒட்டுகிறது. உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் பிஸ்டன் பின்வாங்கவில்லை என்பது முதல் ஊகம். பின்கள் அடியோடு உறைந்து காலிப்பர் நகராமலே நின்றாலும் இதே அடையாளம் வரும். ஒரு பேட் ஒரு முனையில் சீவியது போலச் சாய்வாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்னில் ஒன்று மட்டும் மாட்டியிருக்கிறது.

பின்களைக் கையால் இழுக்க வேண்டும். நல்ல பின் வழுக்கிக்கொண்டு வரும். கெட்டது வராது. அதைச் சுத்தியால் அடிக்காமல், ஸ்பானரால் இடமும் வலமும் திருப்பித் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். வெளியே வந்ததும் பழுப்பு நிறப் பசையோ, துருவோ கண்ணில் படும். இரண்டு பின்னும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. சில கார்களில் ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மேல் பின்னைக் கீழேயும் கீழ் பின்னை மேலேயும் மாற்றிப் போட்டால் இறுக்கம் மறுபடி வரும். அதனால் எடுத்த வரிசையிலேயே வைக்க வேண்டும்.

பின்னைப் பிரேக் கிளீனரால் கழுவி, மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து வழுவழுப்பாக்கலாம். நகத்தில் தட்டுப்படும் அளவு குழி விழுந்திருந்தால் புதுப் பின்தான். பின் உட்காரும் துளையையும் சுத்தம் செய்ய வேண்டும். பலரும் பின்னைப் பளபளப்பாக்கிவிட்டுத் துளைக்குள் இருக்கும் பழைய பசையை அப்படியே விட்டுவிடுகிறார்கள், வேலை வீணாகிவிடுகிறது. ரப்பர் உறை கிழிந்திருந்தால் தயங்காமல் மாற்ற வேண்டும். பின், உறை, கிளிப் அடங்கிய கிட் காலிப்பர் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இனி கிரீஸ். இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான். "கிரீஸுன்னா எல்லாம் கிரீஸுதானே" என்று டப்பாவில் இருக்கும் மஞ்சள் கிரீஸை எடுத்து அப்பிவிடுவார்கள். பிரேக்கில் இருக்கும் ரப்பர்கள் பிரேக் திரவத்தோடு ஒத்துப்போகும் வகையில் செய்யப்பட்டவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். உப்பிய உறையும் புஷ்ஷும் பின்னை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். முதல் சில வாரம் நன்றாக ஓடி, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடும். காலிப்பர் பின்னுக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான் வேண்டும். ஒரு சின்னப் பாக்கெட் நான்கு பின்னுக்கு வரும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழக்கத்துக்கும் இதே காரணத்தால் தடை.

நல்ல கிரீஸ் என்பதற்காகத் துளை நிறைய அடைக்கவும் கூடாது. பின்னை உள்ளே தள்ளும்போது அடியில் கிரீஸும் காற்றும் மாட்டிக்கொண்டு பின்னை வெளியே தள்ளும். அதுவே ஒரு ஜாம். பின் முழுக்க மெல்லிய பூச்சு, உறையின் உதட்டில் கொஞ்சம், அவ்வளவு போதும். மாட்டிய பிறகு இரண்டு விரலால் தள்ளினால் உள்ளே போக வேண்டும், இழுத்தால் வர வேண்டும்.

பேடின் காதுகள் உட்காரும் காடிகளையும் விடக் கூடாது. மெல்லிய ஸ்டீல் கிளிப்பை எடுத்தால் அடியில் துரு பொரிந்து கிளிப்பைத் தூக்கிக்கொண்டிருக்கும். பேட் அங்கே சிக்கிக்கொள்ளும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் பேட் கை விரலால் நகரும். இந்தத் தூளை வாயால் ஊதுவதோ ஏர் அடிப்பதோ வேண்டாம். சில மலிவான பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மாஸ்க் போட்டு, கிளீனரால் நனைத்துத் துடைப்பதே முறை.

இரண்டாவது சந்தேகம்: பிஸ்டன்

பின்கள் சுத்தம். இப்போது பிஸ்டனை உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும். பழைய பேடை பிஸ்டன் முகத்தில் வைத்து, சி-கிளாம்ப்பால் மெதுவாக இறுக்கினால் பிஸ்டன் சீராக உள்ளே போக வேண்டும். போகும்போது பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். நிரம்பி வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

கிளாம்ப் திணறினால், அல்லது கொஞ்சம் போய் நின்றால், பிஸ்டனில் துரு. அதைச் சுற்றியுள்ள தூசு உறையை விலக்கிப் பார்த்தால் தெரியும். இங்கே வேலை கனமாகிறது. முன்பின் செய்து பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் காலிப்பரைக் கழற்றி ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து "சீல் கிட் போட்டுக் குடுங்க" என்று கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. முழுக் காலிப்பருக்குப் பணம் கட்டுவதைவிட அது பல மடங்கு மிச்சம்.

தானே செய்பவர்கள் பிஸ்டனை வெளியே எடுக்க ஏர் கம்ப்ரஸரைத் தேடக் கூடாது. காற்றழுத்தத்தில் பிஸ்டன் குண்டு போலப் பாய்ந்து விரலை நசுக்கிவிடும். ஹோஸ் மாட்டியபடியே, பிஸ்டனுக்கு எதிரில் ஒரு மரக்கட்டையை வைத்து, ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் பிஸ்டன் தானாக வெளியே வரும். மறுபக்கச் சக்கரத்தின் காலிப்பர் பேடோடு மாட்டியே இருக்க வேண்டும். கீழே ஒரு தட்டு வைக்க வேண்டும், ஆயில் கொட்டும். பிறகு பெடலை ஒரு குச்சியால் லேசாக அழுந்தியபடி முட்டுக்கொடுத்துவிட்டால், ஹோஸைக் கழற்றிய பின்னும் மேலே உள்ள ஆயில் முழுதும் வடிந்துவிடாது.

பிஸ்டனின் பக்கவாட்டுப் பரப்பு கண்ணாடி போல இருக்க வேண்டும். ரப்பர் வளையம் உரசும் அந்தப் பரப்பில் துருக்குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுச் சமாளிக்க முடியாது, புது பிஸ்டன் வாங்க வேண்டும். சிலிண்டர் சுவரில் சின்னக் கறை இருப்பது பெரிய விஷயமில்லை. வளையம் உட்காரும் பள்ளத்தில் சேர்ந்திருக்கும் துருதான் எமன். அது வளையத்தை அடியிலிருந்து நெம்பி பிஸ்டனை இறுக்கும். பழைய வளையத்தை எடுத்துவிட்டு, பள்ளத்தைக் கீறாமல் மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் முனையாலோ சுரண்டி, புதுப் பிரேக் ஆயிலில் நனைத்த புது வளையத்தைப் பொருத்த வேண்டும். பிஸ்டன் கை அழுத்தத்திலேயே நேராக இறங்கும். கோணலானால் எடுத்து மறுபடி வைக்க வேண்டும், தட்டக் கூடாது. ஹோஸ் போல்ட்டின் இருபுறமும் இருக்கும் செம்பு வாஷர்கள் இரண்டையும் புதிதாகப் போட வேண்டும்.

உதிரிபாகம் வாங்கும் இடத்தில் கொஞ்சம் கறாராக இருப்பது நல்லது. சென்னையில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, பாடியில் பிரேக் பாகங்கள் தயாரிக்கிறது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் பெரும்பாலான கார்களுக்குத் தரமான கிட் கிடைக்கும். புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய காலிப்பர் மலிவாகத் தோன்றும். ஆனால் அதன் பின்னிலும் பிஸ்டனிலும் என்ன இருக்கிறது என்று பார்க்க அதையும் பிரிக்கத்தான் வேண்டும்.

ஏர் எடுப்பது

ஹோஸைக் கழற்றியிருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். "மிதி... புடிச்சுக்கோ..." என்றதும் நிப்பிளைத் திறக்க வேண்டும், குழாயில் குமிழ்களோடு ஆயில் வரும். மூடிய பிறகுதான் "விடு". இந்த வரிசை மாறினால் காற்று மறுபடி உள்ளே போகும். குமிழ் நிற்கும் வரை செய்ய வேண்டும். நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இடது, வலது காலிப்பரை மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், எத்தனை முறை மிதித்தாலும் காற்று வெளியேறாது.

டப்பாவில் ஆயில் காலியாகவே கூடாது. 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். அந்த யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால், பல கார்களில் ஸ்கேனர் இல்லாமல் வெளியே எடுக்க முடியாது. ஆயில் எந்தத் தரம் என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். திறந்து வைத்த பழைய பாட்டிலில் மிச்சமிருப்பதை ஊற்றுவது, ஈரத்தைக் காசு கொடுத்து ஊற்றுவது மாதிரி.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார்களில் கணக்கே வேறு. ஹேண்ட்பிரேக்கோடு இணைந்த பின்பக்கக் காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனைத் தள்ளக் கூடாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் அமைப்பு உடையும். பட்டனை அழுத்திப் போடும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் ஸ்கேனர் மூலம் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் தொடவே கூடாது. வாரன்டி இருக்கும் காரையும் தொட வேண்டாம்.

போல்ட்டுகளை எவ்வளவு இறுக்குவது என்பதிலும் கை உணர்வை நம்ப முடியாது. காலிப்பர் போல்ட்டுக்குக் குறைந்த இறுக்கம்தான் தேவை. அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் போல்ட்டுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். அந்தந்த காரின் சர்வீஸ் மேனுவலில் எண் இருக்கும், டார்க் ரெஞ்சு கேட்டால் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் இரவல் கொடுப்பார்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஒரு காரியம் மறக்கவே கூடாது. பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதிக்குப் பெடல் வெறுமனே தரைக்குப் போகும். இதை மறந்து காரை ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் எடுத்து, கேட்டில் போய் மோதியவர்கள் உண்டு. வண்டியை அசைக்கும் முன், பெடல் கல் மாதிரி நிற்கும் வரை மெதுவாகப் பலமுறை மிதிக்க வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்தபின் இன்னொரு முறை மிதித்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டம் தெருவுக்குள், நடை வேகத்தில். பிரேக் நேராகப் பிடிக்கிறதா என்று பார்த்தபின் ஒரு பத்து கிலோமீட்டர் போய்வந்து இரண்டு சக்கரச் சூட்டையும் மறுபடி ஒப்பிட வேண்டும். மறுநாள் காலை டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கிறதா, நிப்பிளைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று ஒரு பார்வை. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். கிரீஸ் பாக்கெட்டில் மிச்சம் இருக்கும், வீசிவிட வேண்டாம். இடது பக்கப் பின் காய்ந்திருந்தால் வலது பக்கத்துக்கும் அதே வயதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைத் தூக்கலாம்.